அம்மாவின் ‘வேண்டாம்’

“காலை 10.50. உடம்பு துடைத்து உடை மாற்றினேன். குளிசை கொடுத்தேன். சாப்பாடு வேண்டாம் என்றார்.”

அம்மா வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு பதிவுக் கோப்பு இருக்கும். வீட்டுக்கு வந்து பராமரிக்கும் ஊழியரான கேரர் வந்துவிட்டுப் போகும்போது என்னென்ன செய்தார் என்று அதில் எழுதிவிட்டுப் போவார். மேலே உள்ள வரிகள், நேரம் மட்டும் கொஞ்சம் முன்பின்னாக, ஒன்பது நாட்கள் தொடர்ந்து அதில் இருந்தன. நானும் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து பின்னேரம் அங்கே போய் வந்தேன். நான் கொண்டுபோனதை அம்மா சாப்பிட்டார். கோப்பைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கேரர் வருகிறார், குளிசை போகிறது, அம்மா சுத்தமாக இருக்கிறார், அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னரே போய்விட்டேன். அம்மா கதிரையில் சரிந்து, வியர்த்துக் கொட்டி, கை நடுங்க இருந்தார். என்னைப் பார்த்துச் சித்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரத்தத்தில் சீனி பார்த்தேன்: 3.1. நாலுக்குக் கீழே போகவே விடக்கூடாது என்று தாதி சொல்லித் தந்திருந்தார். தோடம்பழச் சாறு பருக்கி, பதினைந்து நிமிடம் பொறுத்துத் திரும்பவும் சீனி பார்த்து, ஒரு துண்டு பாணும் கொடுத்த பிறகுதான் அவருக்கு நினைவு சரியாக வந்தது. அம்மா நீரிழிவுக்கு எடுப்பது கிளிக்ளசைட் குளிசை. சாப்பாட்டோடு எடுக்கவேண்டியது. வெறும் வயிற்றில் அதை மட்டும் விழுங்கினால் சீனி இப்படித்தான் இறங்கும். அன்றைக்குத்தான் கோப்பைத் திறந்தேன்.

இது நடந்தது 2022 வசந்தத்தில், லண்டனில். 80களிலும் 90களிலும் இங்கே வந்து சேர்ந்த எங்கள் ஈழத்து ஆட்கள் பலரும் இப்போது முதுமைக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பின்னால் கூப்பிட்டெடுத்த தாய் தகப்பன் இன்னும் மூப்பில் இருக்கிறார்கள். கவுன்சிலிடம் (உள்ளூராட்சி மன்றத்திடம்) கேரர் கேட்டுப் போகும் வீடுகள் கூடிக்கொண்டே வருகின்றன. எனக்கு நடந்ததை எழுதினால் யாருக்காவது அந்தச் சனிக்கிழமை வராமல் போகும் என்ற எண்ணத்தில்தான் எழுதுகிறேன்.

அப்போது அம்மாவுக்கு 79 வயது. பருத்தித்துறைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். எங்கள் வீடுகளில் ‘சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டவுடன் ‘ஓம், தாங்கோ’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஐயோ வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனான்’ என்பதுதான் முதல் பதில். இரண்டாம் தரம் கேட்டால் ‘உங்களுக்கு ஏன் கரைச்சல்’. மூன்றாம் தரம்தான் ‘சரி, கொஞ்சமாப் போடுங்கோ’. தன் வீட்டுக்கு வேலைக்கு வந்து நிற்கும் ஒரு பிள்ளையிடம் அம்மா முதல் கேள்விக்கே சாப்பாடு வாங்குவது நடக்காத காரியம். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ‘நோ நோ, தாங்க்யூ, யூ ஈட்’ என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கேரர் சிம்பாப்வேயிலிருந்து வந்த இளம்பெண். மென்மையானவர். பராமரிக்கப்படுபவர் மறுத்தால் வற்புறுத்தக்கூடாது, மறுத்ததை எழுதி வைக்கவேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த பயிற்சி. அதை அவர் ஒழுங்காகச் செய்தார். பிறகு விஷயம் தெரிந்தபோது குசினிக்குள் நின்று அழுதார். அவரில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை எங்கே இருந்தது என்று தேடினேன். அம்மாவின் பராமரிப்புத் திட்டத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு வரி: “உணவு தயாரிக்க உதவி தேவை.” அதன் கீழே என் கையெழுத்தும் இருந்தது.

இந்த ஒரு வரி கேரரின் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. இங்கிலாந்தில் வீட்டுக்கு வரும் கேரரைப் பெரும்பாலும் கவுன்சில் தன் ஊழியராக வைத்திருப்பதில்லை. ஒரு காலத்தில் ‘ஹோம் ஹெல்ப்’ என்று கவுன்சிலே ஆட்களை வைத்திருந்தது. அம்மாவின் பக்கத்து வீட்டு ஆங்கிலேய மூதாட்டி 80களில் அந்த வேலை பார்த்தவர். ஒரே தெருவில் ஏழெட்டு வீடுகளுக்குப் போய், அடுப்பு மூட்டி, சாமான் வாங்கிக் கொடுத்து, ஆறுதலாகக் கதைத்துவிட்டு வருவாராம். 1990இல் வந்த சமூகப் பராமரிப்புச் சட்டம் 1993 ஏப்ரலில் முழுதாக நடைமுறைக்கு வந்தபோது அது மாறியது. தேவையை மதிப்பிடுவதும் சேவையை விலைக்கு வாங்குவதும் கவுன்சிலின் வேலை, ஆளை அனுப்புவது பெரும்பாலும் தனியார் நிறுவனங்களின் வேலை என்று ஆனது. இன்று எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது 2014ஆம் ஆண்டின் கேர் அக்ட் என்ற பராமரிப்புச் சட்டம்.

கவுன்சிலின் சோஷல் வேர்க்கர் (சமூகப் பணியாளர்) வீட்டுக்கு வந்து மதிப்பீடு செய்து திட்டம் எழுதுவார். அதை வைத்துக் கவுன்சிலில் ‘புரோக்கரேஜ்’ என்று ஒரு பிரிவு, ஏற்கெனவே ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பும். எந்த நிறுவனத்துக்கு அந்தப் பக்கம் கேரரின் சுற்றில் இடைவெளி இருக்கிறதோ அது எடுத்துக்கொள்ளும். அம்மாவைப் பற்றி அப்படிப் போன குறிப்பைப் பிறகு கேட்டு வாங்கிப் பார்த்தேன். காலை 45 நிமிடம், மத்தியானம் 30, பின்னேரம் 30, இரவு 30. பெண் கேரர். ஒருவர் போதும். நீரிழிவு. அவ்வளவுதான். அம்மா என்ன சாப்பிடுவார், எத்தனை மணிக்குச் சாப்பிடவேண்டும், எந்த மொழியில் மனதில் உள்ளதைச் சொல்வார், ஒன்றும் இல்லை. எழுதாத எதையும் கவுன்சில் வாங்குவதில்லை, நிறுவனம் விற்பதில்லை, கேரர் அறிவதில்லை. நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஆகவே முதல் மதிப்பீட்டில் நான் விட்ட பிழைகளைச் சொல்கிறேன்.

அந்த வருடம் ஜனவரியில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ‘ரீஏபிள்மென்ட்’ என்று, திரும்பவும் தானே நடமாடப் பழக்கும் உதவி கிடைத்தது. இது ஆறு கிழமை வரைக்கும் இலவசம், வருமானம் பார்ப்பதில்லை. அது முடியும்போதுதான் நீண்டகாலத் தேவைக்கான மதிப்பீடு நடந்தது. வந்த சோஷல் வேர்க்கர் நல்லவர், அவசரத்தில் இருந்தவர். ‘காலையில் சாப்பாடு எப்படி?’ என்று கேட்டார். ‘அதை நாங்கள் சமாளிக்கிறோம்’ என்றேன். ‘கழிப்பறைக்குப் போக உதவி வேண்டுமா?’ ‘நான் வந்துதான் பார்க்கிறேன்.’ எங்கள் ஆட்களுக்கு வெளியாளின் முன்னால் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லக் கூச்சம். நான் ‘சமாளிக்கிறோம்’ என்று சொன்ன ஒவ்வொரு இடத்திலும் அவர் ‘மகள் பார்க்கிறார்’ என்று எழுதிக்கொண்டு போனார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மகள் என்ன செய்கிறாள் என்பதைக் கணக்கில் எடுக்காமல், அம்மா தனியே என்ன செய்வார் என்பதை வைத்துத்தான் தேவையை முதலில் எழுதவேண்டும். மகளால் முடியுமா, அவளுக்கு விருப்பமா என்பது அதற்குப் பிறகு கேட்கவேண்டிய கேள்வி. பத்து விஷயங்கள் பார்க்கிறார்கள்: சாப்பாடு, உடல் சுத்தம், கழிப்பறை, உடை, வீட்டுக்குள் பாதுகாப்பாக நடமாடுவது, வீட்டைப் பேணுவது, உறவுகளோடு தொடர்பு, வேலை அல்லது படிப்பு, வெளியே போய் வருவது, பிள்ளை வளர்ப்பு. இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ முடியாமல் இருந்து, அது வாழ்க்கையைப் பெரிதாகப் பாதித்தால் கவுன்சில் உதவவேண்டும். ‘முடியாது’ என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. செய்ய முடிகிறது, ஆனால் கடும் நோவோடு, ஆபத்தோடு, அல்லது மிகக் கூடிய நேரம் எடுத்துத்தான் முடிகிறது என்றால் அதுவும் முடியாததுதான். அம்மா சட்டை போட 40 நிமிடம் எடுத்தார். நான் சொன்னது ‘தானாகவே போடுவார்’.

மதிப்பீட்டுக்கு முன்னர் ஒரு கிழமை, இரவும் பகலும், என்ன நடக்கிறது என்று நேரம் போட்டு எழுதி வையுங்கள். இரவில் எத்தனை தரம் எழும்புகிறார், எத்தனை நாள் சமைத்தது அப்படியே கிடந்தது, எப்போது நிலை தடுமாறினார். மிக மோசமான நாளைச் சொல்லுங்கள். நல்ல நாளில் யாரும் உதவி கேட்பதில்லை.

இன்னொரு பெரிய பிழை, மொழிபெயர்த்தது நான். அம்மா நன்றாகத் தமிழில் கதைத்தார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அதில் என்ன பிழை என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கேட்டு வாங்கிய மறுமதிப்பீட்டுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னேன். கவுன்சில் தன் செலவில் அனுப்பியது. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வந்தார். என்னைக் குசினியில் இருக்கச் சொன்னார்கள். அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார்: இரவில் கழிப்பறைக்குப் போகப் பயம், அதனால் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. மாதக்கணக்காக. மகளிடம் சொன்னால் அவள் வேலையை விட்டுவிடுவாள் என்று பயந்தாராம். இதை ஒரு பிள்ளையின் வாய் வழியாக அம்மா ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டார். பெற்றோருக்கு மொழிபெயர்க்கப் போகாதீர்கள். பக்கத்தில் இருங்கள், அது வேண்டும். மொழிபெயர்க்க வேறு ஆள் வேண்டும்.

காசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்குள் தவறான கதைகள் நிறைய உலாவுகின்றன. வீட்டில் இருந்தபடி பராமரிப்புப் பெறுபவர் குடியிருக்கும் வீட்டின் பெறுமதியைக் கவுன்சில் கணக்கில் எடுப்பதில்லை. ‘கேரர் கேட்டால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்று அம்மாவிடம் சொன்னவர்கள் பலர். சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் நீங்கள்தான். 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பில் கை வைப்பதில்லை, வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த இரண்டு எல்லையும் 2010இலிருந்து அப்படியே நிற்கின்றன. ஒருவரின் வாழ்நாள் செலவுக்கு 86,000 பவுண் உச்சவரம்பு வரப்போகிறது என்று சொன்ன திட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, 2024 ஜூலையில் கைவிடப்பட்டது. அதை நம்பிக் காத்திருக்கவேண்டாம். ஓய்வூதிய வயதைத் தாண்டி, நோயால் உதவி தேவைப்படுபவர்களுக்கு ‘அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்’ என்று ஒன்று உண்டு. 2025-26இல் கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண். சேமிப்பு இருந்தாலும் கிடைக்கும். கவுன்சில் அதை வருமானமாக எண்ணலாம். ஆனால் நோயால் கூடுதலாக வரும் செலவுகளைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். கூடுதல் ஹீட்டிங், அடிக்கடி துணி துவைப்பது, சிறுநீர்ப் பட்டைகள், தனிச் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வைத்திருங்கள். ஸ்பொன்சரில் வந்து அரச உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனையோடு இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்க முன்னர் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

மறுமதிப்பீட்டில் நாங்கள் கேட்டு எழுதுவித்தவற்றில் முதலாவது நேரம். காலைச் சாப்பாடும் குளிசையும் 8.30க்குள் நடக்கவேண்டும் என்பதை ‘நேரம் தவறக்கூடாத வருகை’ என்று திட்டத்திலேயே எழுதச் சொன்னேன். வெறுமனே ‘காலை’ என்று எழுதினால் அது 7 மணியும் ஆகலாம், 11 மணியும் ஆகலாம். அம்மாவுக்கு 10.50க்குக் காலைச் சாப்பாடும் 12.15க்கு மத்தியானச் சாப்பாடும் வந்தால் பசி எங்கே இருக்கும்? பாதி ‘வேண்டாம்’ அதனால்தான். நீரிழிவு, பார்க்கின்சன் மருந்து, வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் கேளுங்கள். ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுத்தால் கவுன்சிலில் மறுப்பது கஷ்டம்.

இரண்டாவது நிமிடக் கணக்கு. இரவு வருகையை 15 நிமிடமாகக் குறைக்கலாமா என்று கேட்டார்கள். உடம்பைத் தொட்டுச் செய்யும் உதவி தேவைப்படுபவர்களுக்கு 15 நிமிட வருகை பொருந்தாது என்று கேர் அக்டின் அரச வழிகாட்டியே சொல்கிறது. அரை மணித்தியாலத்துக்குக் குறைந்த வருகை என்றால், வருபவர் பழக்கமான கேரராக இருக்கவேண்டும், குறிப்பிட்ட சின்ன வேலைக்காக இருக்கவேண்டும், பெரிய திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கவேண்டும் என்று பராமரிப்புத் தரங்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2015 வழிகாட்டி சொல்கிறது. இரண்டையும் அச்செடுத்துக் கொண்டுபோனேன். சண்டை பிடிக்கவில்லை. மேசையில் வைத்தேன். 30 நிமிடம் அப்படியே நின்றது.

மூன்றாவது ஒரு பக்கத் தாள். இதை யாரும் கேட்கவில்லை, நானாக எழுதினேன். பெரிய எழுத்தில், எளிய ஆங்கிலத்தில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். கவுன்சில் திட்டத்தோடும் இணைக்கச் சொன்னேன். “அம்மா முதல் தரம் வேண்டாம் என்பது மரியாதைக்கு. கேட்காமல் ஒரு சின்னத் தட்டில் கொஞ்சம் போட்டு, பக்கத்தில் வைத்துவிட்டு, கட்டிலைச் சரிசெய்து வாருங்கள். நீங்களும் ஒரு தேத்தண்ணி குடியுங்கள், நீங்கள் குடித்தால் அவர் சாப்பிடுவார். சாப்பிடவில்லை என்றால் கிளிக்ளசைட் கொடுக்காமல் உடனே எனக்கோ அலுவலகத்துக்கோ போன் பண்ணுங்கள்.” கடைசி வரியை எழுத முன்னர் ஜிபியின் சம்மதம் வாங்கினேன். மருந்து விஷயத்தில் குடும்பம் சொல்வதைக் கேரர் செய்யமுடியாது, மருத்துவர் சொன்னதாக மருந்துப் பதிவில் இருக்கவேண்டும்.

அதே தாளில் கழிப்பறையைப் பற்றியும் எழுதினேன். எழுதும்போது கை கூசியது. அம்மாவுக்குத் தண்ணீரில் கழுவினால்தான் சுத்தம். கடதாசியால் துடைத்துவிட்டுப் போனால் அன்று முழுவதும் அவர் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் போகமாட்டார். கேரர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. ஒரு வாளி, ஒரு பிளாஸ்டிக் செம்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர் என்று எழுதினேன். அடுத்த நாளிலிருந்து செய்தார்கள். அந்தச் சிம்பாப்வேப் பெண் ‘இதை ஏன் முதலே சொல்லவில்லை’ என்றுதான் கேட்டார். இரண்டு மாதமாக அம்மா விளக்கு வைக்காமல் இருந்ததன் காரணம் எனக்கே அப்போதுதான் விளங்கியது.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ‘பிள்ளைகள் நாங்கள் இருக்க, வெளியாள் வந்து அம்மாவைக் குளிப்பாட்டுவதா?’ என்றார். கோயிலில் சந்திக்கும் சிலரும் அதைத்தான் வேறு சொற்களில் கேட்டார்கள். நான் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. அண்ணாவிடம் மட்டும் ஒரு கிழமை வந்து நில்லுங்கள் என்றேன். வந்தார். போகும்போது, கவுன்சிலில் கேட்டு எனக்கான பராமரிப்பாளர் மதிப்பீட்டையும் செய்விக்கச் சொல்லிவிட்டுப் போனார். அப்படி ஒன்று உண்டு. பராமரிக்கும் பிள்ளைக்கும் தன் தேவையை மதிப்பிடச் சொல்லும் உரிமை இருக்கிறது.

முறைப்பாட்டையும் சொல்லவேண்டும். நடந்ததைக் கவுன்சிலுக்கு எழுத்தில் கொடுத்தேன். முதலில் ‘நிறுவனத்திடம் கேளுங்கள்’ என்றார்கள். வேலையை ஒப்பந்தத்தில் விட்டாலும் பொறுப்பு கவுன்சிலுடையதுதான். அவர்களின் பதில் திருப்தியில்லை என்றால் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் என்ற முறைப்பாடு விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம், நடந்தது தெரிந்ததிலிருந்து பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குள். நான் அதுவரை போகவில்லை. எழுத்தில் கொடுத்ததே மறுமதிப்பீட்டைக் கொண்டுவந்தது. போனில் எத்தனை தரம் அழுதாலும் கோப்பில் ஏறுவதில்லை.

அந்த முறைப்பாட்டைப் படித்த ஒருவர்தான், சேவையை விலைக்கு வாங்கும் பிரிவைச் சேர்ந்தவர், மூன்று வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டார். கவுன்சில் முழுப் பகுதிக்கும் புதிதாக வீட்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடப்போகிறது, டெண்டர்களை மதிப்பிடும் குழுவில் சேவையைப் பயன்படுத்தும் குடும்பங்களிலிருந்தும் ஆள் வேண்டும், வருவீர்களா என்றார். ஊரில் கேள்விப்பத்திரம் என்று சொல்லும் அதே விஷயம்தான். இரகசியம் காப்பேன் என்று கையெழுத்து வைத்ததால் பெயர்களைச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே பார்த்தது எனக்குப் பல விஷயங்களை விளங்கவைத்தது.

ஒரு மணித்தியாலப் பராமரிப்புக்குக் கவுன்சில் கொடுக்கும் காசு முழுவதும் கேரரின் கைக்குப் போவதில்லை. 2025-26இல் சட்டப்படி குறைந்த கூலி மணிக்கு 12.21 பவுண். அதன் மேல் லீவுச் சம்பளம், ஓய்வூதியம், நிறுவனம் அரசுக்குக் கட்டும் நாஷனல் இன்சூரன்ஸ் காசு, பயிற்சி, அலுவலகம். இவற்றோடு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம். அந்த நேரமும் வேலை நேரம்தான், குறைந்த கூலிக் கணக்கில் அதையும் சேர்க்கவேண்டும். இத்தனையையும் கூட்டிப் பார்த்து, இங்கிலாந்தில் 2025-26க்கு மணிக்கு ஆகக் குறைந்தது 32.14 பவுண் வேண்டும் என்று வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களின் சங்கமான ஹோம்கேர் அசோசியேஷன் கணக்குச் சொன்னது. அதைவிடப் பல பவுண் குறைத்துக் கேட்டு வந்த நிறுவனங்களும் இருந்தன. அந்தப் பவுண்கள் எங்கே குறைந்தன என்று எனக்கு உடனே தெரிந்தது. பயண நேரத்தில். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஐந்து நிமிடம் என்று அட்டவணையில் போடுவார்கள், பஸ்ஸில் இருபது நிமிடம் ஆகும். எட்டு மணிக்கு முதல் வீட்டில் தொடங்கும் தாமதம் நாலாவது வீடு வரும்போது 10.50 ஆகிவிடும். அம்மாவின் ஆறிப்போன காலைச் சாப்பாடு இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

எங்கள் கவுன்சில் தரத்துக்கு நூறில் அறுபதும் விலைக்கு நாற்பதும் வைத்தது. தரத்தைப் பார்க்கும் கேள்விகளில் ஒன்றை நான் எழுதலாம் என்றார்கள். எழுதினேன்: “ஆங்கிலம் அதிகம் பேசாத, நீரிழிவு உள்ள மூதாட்டி சாப்பாடு வேண்டாம் என்கிறார். உங்கள் கேரர் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்வார்?”

வந்த பதில்களில் பெரும்பாலானவை, மறுப்பை மதிப்போம், பதிவு செய்வோம், அலுவலகத்துக்கு அறிவிப்போம் என்றன. பல பக்கங்களுக்குக் கொள்கை எழுதியிருந்தார்கள். நேர்முகத்தில் ஒரு மனேஜர், தானே பல வருடம் கேரராக வேலை பார்த்தவர், எழுதியதை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: ‘நான் அவருக்குப் பக்கத்தில் உட்காருவேன். குசினியில் என்ன வாசம் அவருக்குப் பிடிக்கும் என்று முதல் நாளே மகளிடம் கேட்டிருப்பேன். ஒரு நேரச் சாப்பாடு தவறினால் எழுதுவேன், இரண்டு நேரம் தவறினால் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன், வீட்டுக்குப் போன் எடுப்பேன்.’ நான் என் தாளில் முழுப் புள்ளி போட்டேன். பக்கத்தில் இருந்த அதிகாரியும் அதையே போட்டிருந்தார்.

உங்கள் கவுன்சிலும் சில வருடங்களுக்கு ஒரு தரம் இப்படி ஒப்பந்தம் போடும். அதற்கு முன்னர் குடும்பங்களிடம் கருத்துக் கேட்பார்கள். கடிதம் வரும், நாங்கள் குப்பையில் போடுவோம். போடாதீர்கள். உங்கள் அம்மாவின் திட்டத்தில் எழுதினால் அது ஒரு வீட்டுக்கு. ஒப்பந்தத்தின் நிபந்தனையில் ஏறினால் அந்தப் பகுதி முழுவதற்கும். ‘தொடர்ந்து இரண்டு நேரம் சாப்பிடாவிட்டால் அன்றே குடும்பத்துக்கு அறிவிக்கவேண்டும்’ என்பது இப்போது எங்கள் பகுதியின் ஒப்பந்தத்தில் ஒரு வரி.

கேரர்களின் நிலையும் அந்தக் குழுவில்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. 2022 பெப்ரவரியில் கேரர்களுக்கு வெளிநாட்டு விசா திறந்தது. 2024 மார்ச்சிலிருந்து அவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. 2025 ஜூலை 22இலிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதே நின்றுவிட்டது. ஏற்கெனவே இங்கே இருப்பவர்களின் விசா வேலை கொடுத்த நிறுவனத்தோடு கட்டுப்பட்டது. வேலை போனால் விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு நிறுவனத்தை (ஸ்பொன்சரை) தேட அறுபது நாள்தான் கிடைக்கும். அம்மாவைப் பார்த்த அந்தப் பெண்ணின் நிறுவனம் 2023இல் எங்கள் பகுதியிலிருந்து விலகியபோது, அம்மாவுக்கு வேறு நிறுவனத்தைக் கவுன்சில் ஒரு கிழமைக்குள் பிடித்துத் தந்தது. அவருக்கு யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை. பிறகு மிட்லண்ட்ஸ் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். இன்னும் பொங்கலுக்கு அம்மாவுக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

தமிழ்க் கேரர் எடுக்கலாம்தானே என்று பலர் கேட்கிறார்கள். ‘டைரக்ட் பேமென்ட்’ என்று கவுன்சில் காசை எங்கள் கையில் தந்து, ஆளை நாங்களே வைத்துக்கொள்ளச் சொல்லும் முறை இருக்கிறது. யோசித்தேன். ஆனால் அப்போது நாங்கள்தான் முதலாளி. சம்பளக் கணக்கு, லீவு, காப்புறுதி, அவர் வராத நாளுக்கு மாற்று ஆள், எல்லாம் எங்கள் தலையில். வேலைக்குப் போகும் எனக்கு முடியவில்லை. நேரமும் நம்பிக்கையான ஒருவரும் இருந்தால் அது நல்ல வழி. ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவுக்கு அந்தக் காசைச் சம்பளமாகக் கொடுக்கச் சாதாரணமாக அனுமதியில்லை என்பதை மட்டும் முதலே தெரிந்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது 82. ஆங்கிலம் ஒவ்வொரு சொல்லாகப் போய்விட்டது, ‘தாங்க்யூ’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. புதிய நிறுவனம் கடந்த இலையுதிர் காலத்தில் தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை வரும் கேரர் புட்டுக்குத் தேங்காய்ப்பூ வைக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல். மாற்று ஆட்கள் வருகிறார்கள், தாளைப் பார்ப்பதில்லை, போன ஞாயிறு கோப்பில் திரும்பவும் ‘மறுத்தார்’ என்று இருந்தது. அடுத்த மாதம் வருடாந்த மீளாய்வு. வார இறுதிக்கும் பெயர் குறிப்பிட்ட இரண்டு கேரர்கள் என்று எழுதச் சொல்லப்போகிறேன். மொழிபெயர்ப்பாளரை இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். முன்னர் வந்த அதே அக்கா கிடைத்தால் நல்லது, அம்மாவுக்கு அவரோடு கதைக்கப் பிடிக்கும்.